ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு அவரோடு தினமும் மல்லுக்கு நிற்கும் மனைவிமார், கணவன்மார், மகன்கள், மகள்கள், மருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

காலையில் வெறும் வயிறு. விரல் நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம், ஐந்தாறு வினாடி. குளுக்கோமீட்டர் 186 என்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் வாயில் முதலில் வருவது எது என்று உங்களுக்கே தெரியும்: “ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” அம்மாவாக இருந்தால், “யாருக்கும் தெரியாம எதைம்மா வாயில போட்டே?” கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, வாக்குமூலம் மட்டும்தான் பாக்கி. இந்த மடல் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. அது பெரும்பாலும் தப்பான இடத்தில் விழுகிறது என்றும், விழும் விதத்தால் நோயை இன்னும் கெடுக்கிறது என்றும் சொல்ல வருகிறேன். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்கறை இல்லாத வீட்டில் மீட்டரை எட்டிப் பார்க்கவே ஆள் இருக்காது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையில் இருக்கும் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். ஒருவருக்கு மூன்று பேர் என்று வைத்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருப்பவர்கள் முப்பது கோடியைத் தாண்டுவார்கள். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் அந்த 186ஐப் பார்ப்போம். விடியற்காலை மூன்று நான்கு மணி வாக்கில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவற்றின் தூண்டுதலில் கல்லீரல் தன்னிடமிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. இன்சுலின் ஒழுங்காகச் சுரக்கிற உடம்பில் இது வெளியே தெரிவதில்லை. சர்க்கரைக்காரர் உடம்பில் காலை எண்ணாக வந்து நிற்கிறது. ராத்திரி இரண்டு இட்லியோடு கையலம்பியவருக்கும் இது நடக்கும். சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, இரண்டு நாள் தூக்கக் கேடு, மூச்சிரைப்புக்குத் தந்த ஸ்டீராய்டு மாத்திரை, மகளின் கல்யாணக் கடன் என்று எண்ணை ஏற்றிவிடுபவை இன்னும் இருக்கின்றன. விரலில் கொஞ்சம் பழச்சாறு ஒட்டியிருந்தால்கூடப் போதும். மீட்டருக்கான உலகத் தர விதியே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட இடம் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 186 உண்மையில் 165 ஆகவும் இருக்கலாம், 210 ஆகவும் இருக்கலாம். இத்தனை கைகள் சேர்ந்து எழுதிய ஓர் எண்ணுக்கு நீங்கள் விசாரிப்பது ஒரே ஒரு வாயை.

இது ஒரு நாள் எண். பல வருஷக் கணக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது. பிரிட்டனில் 1977ல் ஓர் ஆய்வு தொடங்கியது. புதிதாக இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முக்கிய முடிவுகள் 1998ல் வந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டுமே, எச்பிஏ1சி, அது முதல் வருஷம் இறங்கியது. பிறகு தீவிரமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வருஷா வருஷம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஒன்பது ஆண்டு முடிவில், உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களில் 100க்கு 9 பேரால்தான் அதை 7க்குக் கீழே வைத்திருக்க முடிந்தது. ஒரே வகை மருந்தில் இருந்தவர்களிலும் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர்தான். தொடர்ந்து மருத்துவர்களின் கண்பார்வையில் இருந்தவர்களின் கதை இது. காரணம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் காலப்போக்கில் குறைந்துகொண்டே போகின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அவற்றின் வேலைத்திறனில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும் என்பது இந்த ஆய்வின் கணக்கு. அதனால்தான் மருத்துவர் முதலில் ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு ஊசி என்று போகிறார். நோயின் இயல்பான நடை அது. வீட்டிலோ அதை எப்படி வாசிக்கிறோம்? “சொன்னதைக் கேக்காம, கடைசியில ஊசி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாரு.” தேய்ந்துபோன உறுப்புக்கான மருந்தைத் தண்டனையாக அறிவித்துவிடுகிறோம். ஊசி போட வேண்டிய பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு ஊசிமுனை மேல் உள்ள பயம் மட்டும் காரணம் இல்லை. தோற்றவன் என்ற பெயர் வந்துவிடுமே என்ற கூச்சமும் உண்டு.

“அப்படியானால் என்ன சாப்பிட்டாலும் ஒன்றுதானா?” என்று கேட்பீர்கள். இல்லை. அதே பிரிட்டன் ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி சராசரி 7.0, மற்றவர்களுக்கு 7.9. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் கண், சிறுநீரகம் முதலியவற்றின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் முதல் கூட்டத்தில் 25 சதவீதம் குறைந்திருந்தன. சாப்பாடு, நடை, மாத்திரை எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. நோயாளிக்குப் பொறுப்பு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பொறுப்பு வேறு, பழி வேறு. நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க வைப்பது பொறுப்பு. நேற்று செய்ததை ஒளிக்க வைப்பது பழி. உங்கள் கேள்வி இரண்டில் எதைச் செய்கிறது என்பதுதான் பேச்சு.

பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் 1995ல் உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் ஒரு கேள்விப் படிவத்தை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோடு வாழ்வதில் எது உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்று நோயாளியையே கேட்கும் படிவம். உலகம் முழுக்க இன்றும் பயன்படுகிறது. பின்விளைவுகள் பற்றிய பயம் அதில் இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். அதோடு, பத்தியம் தவறும்போது வரும் குற்ற உணர்ச்சி, இந்த நோயோடு தனித்து விடப்பட்ட உணர்வு, வீட்டாரும் நண்பர்களும் துணை நிற்கவில்லை என்ற எண்ணம் ஆகியவையும் இருக்கின்றன. இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று நாலு பேர் நடுவில் யாராவது சொல்லும்போது வரும் சங்கடமும் தனியாக ஒரு கேள்வியில் வருகிறது. நோயின் சுமையை அளக்க உட்கார்ந்தவர்கள், வீட்டாரின் வாயையும் அந்தச் சுமையில் ஒரு பங்காக எண்ண வேண்டியிருந்தது. இந்த நிலைக்கு நம்மிடம் பெயர் இல்லை. ‘டென்ஷன்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நான் இதை நோய்ச்சலிப்பு என்கிறேன். இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் ஃபிஷர் குழுவினர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வுக் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் வாங்கிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உண்மையில் மனச்சோர்வு நோய் இல்லை. அவர்களிடம் இருந்தது இந்தச் சலிப்புதான். எச்பிஏ1சி ஏறுவதோடு சேர்ந்து வந்ததும் இதுவே. சலித்துப்போனவர் மாத்திரையை மறப்பார், மீட்டரை அலமாரிக்குள் தள்ளுவார், டாக்டரிடம் போகும் நாளை ஒத்திப்போடுவார். வெளியே நின்று பார்க்கும் உங்கள் கண்ணுக்கு இது அலட்சியமாகத் தெரியும். உடனே குரல் இன்னும் உயரும்.

குரல் உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். நம் வீடுகளே சாட்சி. லேப் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் பாகற்காயும் வெந்தயமுமாக இருந்துவிட்டு, ரத்தம் கொடுத்த கையோடு பழைய வழிக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கை எடுத்துவிடுவதால் இந்த வித்தை பலிப்பதில்லை என்று தெரிந்தவர்களும் செய்கிறார்கள். அவர்கள் தயாராவது லேபுக்காக இல்லை, வீட்டில் நடக்கப்போகும் விசாரணைக்காக. மீட்டரில் முந்தைய எண்கள் நினைவில் நிற்கும், பிள்ளைகள் பொத்தானை அழுத்திப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் டெஸ்ட் செய்வதையே நிறுத்திவிடுவார்கள். காபிக்குச் சர்க்கரை வீட்டில் கிடையாது, தெருமுனைக் கடையில் உண்டு. இதெல்லாம் சிரிப்பதற்குச் சரி. சிரிக்க முடியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. வீட்டில் பேச்சு வாங்கப் பயந்து மாத்திரையை விட்டதை மறைக்கிறவர், மருத்துவரிடமும் அதையே சொல்வார். பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே! “ஒழுங்கா சாப்பிடுறேன் டாக்டர்.” எண் குறையவில்லை என்று மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விழுங்க வைப்பீர்கள், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸ் கொடுப்பார். எழுதிக்கொடுத்த முழு அளவும் முதல்முறையாக உள்ளே போகும். சர்க்கரை தடதடவென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், குழறல், மயக்கம். உயர்ந்த சர்க்கரை கொல்லப் பெரும்பாலும் வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த சர்க்கரைக்குச் சில மணி நேரம் போதும்.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் லின்ட்சே மேபெரி, சாண்ட்ரா ஆஸ்பார்ன் என்ற இருவர் 2012ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களை நேராகத் தொடுகிறது. வீட்டார் செய்யும் உதவிகளையும் உபத்திரவங்களையும் நோயாளிகளிடமே கேட்டார்கள். நச்சரிப்பது, வாக்குவாதம், முயற்சியைக் கெடுப்பது எல்லாம் உபத்திரவக் கணக்கு. உபத்திரவம் கூடக் கூட மாத்திரை எடுப்பது குறைந்தது. மாத்திரை குறைந்த இடத்தில் எச்பிஏ1சி மோசமாக இருந்தது. இதைவிடச் சுவையான முடிவு இன்னொன்று. நோயைப் பற்றி அதிகம் தெரிந்த வீட்டார் அதிகமாக உதவினார்கள், அதிகமாக உபத்திரவமும் செய்தார்கள். யூடியூபில் பத்து வீடியோ பார்த்துவிட்டு அப்பாவுக்குப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அது விசாரிக்கிறவர் கையில் தடியாகவும் மாறும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நச்சரிப்பதால் மாத்திரையை விட்டாரா, மாத்திரையை விட்டதால் நச்சரித்தார்களா? ஒரே நேரத்தில் எடுத்த படத்தில் எது முன், எது பின் என்று தெரியாது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களும் அறுபது பேர் சொச்சம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திசையாக இருந்தாலும் வாதம் கவிழ்ந்துவிடாது. ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988லேயே இதைச் சுழலாக விவரித்தார்கள். உதவ வருகிறவர் பலன் உடனே தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். தெரியாதபோது அதைத் தன் அன்புக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டு பிடியை இறுக்குகிறார். இறுக்கப்படுகிறவர் தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள முரண்டு பிடிக்கிறார். இவர் இன்னும் இறுக்குகிறார். கடைசியில் பேச்சு நோயை விட்டுவிட்டு ‘யார் சொல்லை யார் கேட்பது’ என்பதில் வந்து நிற்கிறது. எது முதலில் தொடங்கியது என்பது இந்தச் சுழலில் முக்கியம் இல்லை. யாராவது ஒருவர் வெளியே கால் வைக்க வேண்டும். உடம்பில் நோய் இல்லாதவருக்கு அது கொஞ்சம் சுலபம் என்பதால்தான் மடல் உங்களுக்கு வருகிறது. காலத்தோடு தொடர்ந்து பார்த்த ஆய்வும் உண்டு. ரோச்செஸ்டரில் ஜெஃப்ரி வில்லியம்ஸ் குழுவினர் 128 நோயாளிகளை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 1998ல் வெளியிட்டார்கள். மருத்துவக் குழு தம் விருப்பத்தைக் கேட்கிறது, தேர்ந்தெடுக்க இடம் கொடுக்கிறது என்று உணர்ந்தவர்களுக்குத் தாமாகச் செய்யும் ஊக்கம் கூடியது, எச்பிஏ1சி குறைந்தது. அங்கே பேசப்பட்டது மருத்துவர்களைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி இல்லை, உண்மைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் பார்க்கிறவரின் தொனிக்கே இவ்வளவு வலு இருந்தால், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவரின் தொனிக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அது சென்னையிலிருந்தே புறப்பட்டது என்பதால் ஒதுக்கிவிட முடியாது. 1956ல் இந்நகரில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். ஏழை நோயாளிகள் தங்கள் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும், நல்ல உணவோடும் ஓய்வோடும் சானடோரியத்தில் படுத்திருப்பவர்களுக்கு இணையாகக் குணமடைகிறார்கள் என்று அந்த மையம் 1959ல் காட்டியது. உலகத்தின் சானடோரியங்கள் காலியாக அது ஒரு பெரிய காரணம். கூடவே இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினால், சிறுநீரைச் சோதித்தால், பலர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் இந்தச் சிக்கலைப் பற்றி விரிவாக எழுதினார். கண்முன்னே விழுங்க வைக்கும் சிகிச்சைமுறை வளர்ந்ததும் இங்கிருந்துதான். “பார்த்தீர்களா, கண்காணித்தால்தான் வேலை நடக்கும் என்று உங்கள் ஊர் விஞ்ஞானமே சொல்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். அந்த முறையை 2015ல் காக்ரேன் அமைப்பு 11 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டது. கண்முன் விழுங்கவைத்தவர்களுக்கும் தாமாக மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குணமாவதில் சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் முடியும், மாத்திரை மட்டுமே பேச்சாக இருக்கும், ஊருக்கே தொற்றக்கூடிய ஒரு நோயில் நிலைமை இது. சர்க்கரைக்கு முடிவுத் தேதி இல்லை. வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வேளைச் சாப்பாடு. எத்தனை தட்டுக்குக் காவல் நிற்பீர்கள்? அந்தச் சென்னை ஆய்வின் முதல் பாதியை நினைவில் வையுங்கள் என்பேன்: நோயாளி தன் வீட்டில், தன் மக்களோடு, தன் வாழ்க்கையிலிருந்து பிடுங்கப்படாமல் இருந்துகொண்டே குணமாக முடியும்.

நோயாளி அம்மாவாக இருந்தால் இந்தக் காவலில் ஓர் அநியாயமும் சேர்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தால் சமையலறை மாறும்: சாமை வரும், சப்பாத்தி வரும், பொரியலுக்குத் தேங்காய் குறையும். அம்மாவுக்கு வந்தால் மாறுவது அம்மா மட்டும்தான். எல்லோருக்கும் பூரி கிழங்கு சுட்டுப் போட்டுவிட்டு, தனக்கென்று தனியாக ஒன்று செய்யத் தெம்பில்லாமல், மீந்ததைப் பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறவர் அவர். மாத்திரை போட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், கைக்கு அகப்பட்டது வாய்க்குள் போகும். அந்த நேரம் பார்த்து உள்ளே வரும் மகன் கேட்கிறான், “என்னம்மா திருட்டுத்தீனியா?” சொந்த அடுப்படியில் தன் கையால் சமைத்ததைச் சாப்பிடுவது எந்த நாட்டில் திருட்டு?

கல்யாண வீட்டையும் சொல்லாமல் விட முடியாது. இலையின் ஓரத்தில் ஒரு ஜாங்கிரி. சித்தப்பா, “ஒரு நாளைக்கு என்ன ஆயிடும், சாப்பிடுப்பா” என்று வற்புறுத்துகிறார். மனைவி நாலு இலை தள்ளியிருந்து முறைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்த மனைவியே, கிளம்பும்போது கொடுத்த பையிலிருந்து லட்டை எடுத்துக் குழந்தைகளுக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டு அவருக்கும் ஒரு துண்டு நீட்டுவார். அடுத்த நாள் காலை மீட்டர் முன்னால் விசாரணை நடத்துவதும் அவரேதான். ஊட்டுவதும் அதட்டுவதும் நம் ஊரில் ஒரே கை. சாப்பாட்டைத் தவிர வேறு மொழியில் பாசம் சொல்லத் தெரியாத குடும்பங்களில், பாசத்தை மறுக்கச் சொல்லும் நோய் ஒன்று வந்திருக்கிறது. அந்தச் சிக்கல் முழுவதையும் ஓர் ஆளின் ‘மனக்கட்டுப்பாடு’ என்ற ஒற்றை ஆணியில் மாட்டிவிடுகிறோம். விலக்கிவைத்த பண்டத்தின் மேல் ஆசை கூடும், பறிக்கப்பட்ட சுதந்திரத்தை மீட்க மனம் துடிக்கும் என்று ஜாக் பிரெஹம் 1966ல் ஒரு கோட்பாடே எழுதினார். ஜாங்கிரியின் ருசியில் பாதி அந்த முறைப்பு.

“சரி, வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா?” இல்லவே இல்லை. சில நேரங்களில் கேட்காமலே இறங்க வேண்டும். சர்க்கரை இறங்கி உளறுகிறார், காலில் புண் இருந்தும் காட்ட மறுக்கிறார், வாந்தி நிற்கவில்லை, இன்சுலினை ஒரேயடியாக நிறுத்திவிட்டார், மறதி நோயில் எந்த மாத்திரையைப் போட்டோம் என்றே தெரியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த அதிகாரத்தை அன்றைக்குப் பயன்படுத்த வேண்டுமானால், ஒரு துண்டு மாம்பழத்துக்கெல்லாம் அதைச் செலவழித்துத் தீர்த்துவிடக் கூடாது.

மற்ற நாட்களுக்கு என்ன என்பதற்கு நம்முடைய ஊர்ச் சான்றே இருக்கிறது. சென்னை உட்பட இந்தியாவின் நான்கு சர்க்கரை மருத்துவமனைகளில், மனச்சோர்வும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2020ல் வெளியானது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஓர் உதவியாளர். அவர் மருத்துவர் இல்லை. தொடர்ந்து பேசுவார், எது தடுக்கிறது என்று கேட்பார், எந்த மாற்றத்தை முதலில் செய்யலாம் என்று நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பார், நிலவரத்தை நிபுணர்களிடம் கொண்டுபோவார். இரண்டு வருஷ முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் இந்தப் பாதியில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4. நிபுணர்களும் மருந்து மாற்றமும் அதில் உண்டு, எல்லாப் பெருமையும் பேச்சுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உதவியாளரின் வேலையில் பெரும்பகுதி அதட்டாமல் கேட்பது. அதை வீட்டிலும் செய்யலாம். “எதுல நான் உதவணும், எதுல தலையிடக் கூடாது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாத்திரையை நினைவுபடுத்தினால் போதும், தட்டைப் பார்க்காதே என்பார் ஒருவர். ஊசி போட மட்டும் கூட இரு என்பார் இன்னொருவர். அவருக்கென்று ஒரு தட்டு, நமக்கென்று ஒரு தட்டு என்றில்லாமல், குழம்பும் காயும் சுண்டலும் வீட்டுக்கே ஒன்றாக இருக்கட்டும். சர்க்கரை நோய் குடும்பத்தில் இறங்கும் நோய் என்பதால் அந்தத் தட்டு நாளைக்கு உங்களுக்கும் ஆகும். 186 வந்தால், “ராத்திரி தூங்கினீங்களா, உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்கலாம். பதிலில் மருத்துவருக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

உங்கள் பக்கத்தையும் ஒரு வார்த்தை. 17 நாடுகளில், இந்தியா உட்பட, நடந்து 2013ல் வெளியான ஆய்வொன்று நோயாளிகளோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டாயிரம் வீட்டாரையும் கேட்டது. அவர்களும் வாடிப்போயிருந்தார்கள். உதவ ஆசை, எப்படி என்று தெரியவில்லை என்றவர்கள் நிறைய. ‘இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்’ என்ற பயம்தான் பல வீடுகளில் அதட்டலாக வெளியே வருகிறது. அந்தப் பயத்தை அதன் சொந்தக் குரலிலேயே சொல்லிவிடுங்களேன். “உங்க கண்ணு போயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு” என்ற வாக்கியத்துக்கு எதிராக யாரும் முரண்டு பிடிப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லேபில் டோக்கன் போடுவது, பணம் கட்டுவது எல்லாம் நீங்கள் என்பதால் போன் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கிறது. ரிப்போர்ட் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. அவருடைய ரத்தத்தின் செய்தி அவருக்கு உங்கள் முகத்தின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. அடுத்த முறை கவுண்ட்டரில் நம்பர் கேட்கும்போது, அவருடைய நம்பரைக் கொடுங்கள்.